இலட்சம் பாகைச் சூடு, ஆனால் கை சுடாது

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியாவுக்குப் போய்வந்த எந்தக் குடும்பமும் ஒரு தடவையாவது இந்தச் சண்டையைப் பிடித்திருக்கும்: எந்தக் கிணறு கூடச் சூடு? அனுராதபுர வீதியில் போய் உள்ளுக்குத் திரும்பினால், குனிந்து வாளியால் அள்ளக்கூடிய ஏழு சதுரக் கிணறுகள். ஏழிலும் வெந்நீர், ஆனால் ஏழும் ஒரே சூடு கிடையாது. அந்தியேட்டிக் காரியம் முடித்துத் தலையில் ஊற்றுகிற பெரியவர்கள் முதல் சும்மா பார்க்க வந்த பிள்ளைகள் வரை ஆளுக்கொரு கிணற்றைக் காட்டுவார்கள். ஒரு வெப்பமானியைக் கொண்டுபோனால் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஏன் முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. இரசம் அடைத்த கண்ணாடிக் குழாயைப் போட்டாலும், மருந்துக்கடையில் வாங்கிய இலத்திரனியல் வெப்பமானியைப் போட்டாலும், நிறம் கலந்த மதுசாரம் ஏறி இறங்குகிற மலிவுக் கருவியைப் போட்டாலும் ஒரு கிணற்றுக்கு ஒரே விடைதான் வரும். கருவி எதனால் செய்யப்பட்டது என்பதைத் தண்ணீர் பார்ப்பதில்லை. வெப்பவியக்கவியலின் பூச்சிய விதி என்று உயர்தர வகுப்பில் ஒரு வரியில் எழுதிப்போட்டுவிட்டு நாங்கள் கடந்துபோவது இந்த அதிசயத்தைத்தான்.

அப்படிக் கடந்துபோன ஒரு நாளில், பிள்ளைகளின் தூக்கத்தைக் கலைக்கலாம் என்று ஒரு செய்தியைச் சொன்னேன். பற்றீரியாக்கள் நீந்துகிற தண்ணீர் இருக்கிறது. அந்த நீச்சலுக்கு ஒரு 'வெப்பநிலை' கணக்கிட்டால் ஓர் இலட்சம் கெல்வினைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5800 கெல்வின்தான். பின்வாங்கிலிருந்து உடனே கேள்வி வந்தது: "சேர், அப்ப அந்தத் தண்ணிக்குள்ள கைய வைச்சா அவிஞ்சு போயிடாதா?"

ஒன்றும் ஆகாது. சாதாரண அறைவெப்பநிலைத் தண்ணீர்தான். ஆனால் 'ஏன் ஆகாது' என்பதற்கு அன்று மணி அடிக்கும் முன் ஒழுங்காக விடை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த விடைதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். தானே சக்தியை உள்ளெடுத்து, தானே நகர்கிற துணிக்கைகளின் கூட்டத்தைப் படிக்கும் பௌதிகவியல் கிளை, கடந்த முப்பது ஆண்டுகளில் வேகமாக வளர்ந்த ஒன்று. அதை 'உயிர்ப்புச்சடம்' என்று சொல்ல எனக்கு ஆசை. எங்கள் பாடநூல்களில் திணிவும் இடமும் கொண்ட எல்லாமே 'சடம்'. அதே சொல்லை வீட்டில் அசையாமல் கிடக்கிற ஆளைத் திட்டப் பயன்படுத்துகிறோம். உயிர்ப்பும் சடமும் ஒரே சொல்லில் சேர்ந்தால் காதுக்கு நெருடுகிறது. நெருடட்டும், இந்தத் துறையின் சிக்கலே அந்த நெருடலில்தான் இருக்கிறது. வெப்பநிலை, அமுக்கம் என்ற சொற்களெல்லாம் சோம்பேறிச் சடத்துக்காக உண்டானவை. நீந்துகிற சடத்துக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும்?

நீந்துவதற்கு உயிர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2007இல் இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழகத்தினர் ஒன்றரை மைக்ரோமீற்றர் அளவிலான பொலிஸ்ரைரீன் மணிகளை எடுத்து, ஒரு பாதியில் மட்டும் பிளாற்றினம் பூசி, ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலில் விட்டார்கள். பிளாற்றினம் பட்ட பக்கத்தில் பேரொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரியும். மறுபக்கத்தில் ஒன்றும் நடக்காது. ஒரு பக்கம் மட்டும் தாக்கம் நடக்கிறபடியால் மணி நகரத் தொடங்கும். இரண்டு முகம் கொண்ட உரோமத் தெய்வத்தின் பெயரால் இவற்றை யானஸ் துணிக்கைகள் என்பார்கள். காயத்துக்குப் போடுகிற மருந்து நீர்தான் இவற்றின் சாப்பாடு.

இந்த அளவில் நீச்சல் என்பது நாம் கடலில் நீந்துவது போன்றதல்ல. எட்வேர்ட் பேசல் என்ற பௌதிகவியலாளர் 1977இல் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: நீந்துகிற பற்றீரியா தன்னைத் தள்ளுகிற வாலான சவுக்குமுளையைத் திடீரென்று நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகும்? ஓர் ஐதரசன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. வள்ளத்தில் எஞ்சினை நிறுத்தினால் கரை தட்டும்வரை ஓடுமே, அந்தப் பழக்கம் அங்கே செல்லாது. தள்ளுவதை நிறுத்திய கணமே நின்றுவிடும். உந்தம் என்ற ஒன்று அந்த உலகத்தில் இல்லாதது போலத்தான்.

சோம்பேறிச் சடத்தின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1827இல் றொபேட் பிறவுண் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் நடுங்குவதைக் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அதை விளக்கினார்: நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்தாலும் இடிக்கின்றன, அந்த இடிகளின் சமமின்மைதான் நடுக்கம். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் காட்டினார். துகள் பரவுகிற வேகத்துக்கும், அதை இழுத்தால் தண்ணீர் கொடுக்கிற தடைக்கும் நடுவில் ஒரு கண்டிப்பான உறவு உண்டு, அந்த உறவில் நிற்கிற ஒரே எண் வெப்பநிலை. நடுங்கவைப்பதும் தடுப்பதும் ஒரே மூலக்கூறுகள் என்பதால் இரண்டும் ஒரே கணக்கில் கட்டுப்படுகின்றன.

இதை அளந்து காட்டியவர் பாரிசில் இருந்த சான் பெரின். 1926இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் எடுத்தது ஒரு மரப்பிசின். மஞ்சள் நிறச் சாயத்துக்குப் பயன்பட்ட அந்தப் பிசின் வருகிற மரம், நாங்கள் மீன்குழம்புக்குப் போடுகிற கொறுக்காய்க்குச் சொந்தக்கார இனம். அந்தப் பிசினைச் சமஅளவு உருண்டைகளாக்கித் தண்ணீரில் விட்டு, அடியிலிருந்து மேலே போகப்போக எத்தனை உருண்டை இருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் எண்ணினார். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியாகிக்கொண்டே போனது. வளிமண்டலமும் இதே விதியில்தான் மேலே போக ஐதாகிறது. அங்கே பாதியாக ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர் வேண்டும், பெரினின் உருண்டைகளுக்கு மைக்ரோமீற்றர்கள் போதும். ஒரு துளித் தண்ணீருக்குள் ஒரு குட்டி வளிமண்டலம்.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வரலாம். ஈ கோலை என்ற பற்றீரியா செக்கனுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் நீந்தும். அதன் உடல் நீளம் இரண்டு மைக்ரோமீற்றர். ஒரு செக்கனளவு நேராக ஓடும், பிறகு பத்தில் ஒரு செக்கன் குட்டிக்கரணம் அடித்துத் திசையை மாற்றும், மறுபடி ஓடும். ஹவார்ட் பேர்க்கும் டக்ளஸ் பிறவுணும் 1972இல் பற்றீரியாவைப் பின்தொடர்ந்து நகரும் நுணுக்குக்காட்டி ஒன்றைச் செய்து இதைப் பதிவு செய்தார்கள். இந்த ஓட்டத்தையும் கரணத்தையும் நெடுநேரம் கூட்டினால் அதுவும் ஓர் ஒழுங்கற்ற பரவல்தான். கதியின் வர்க்கத்தை ஓடும் நேரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் பரவற்குணகம் வரும்: செக்கனுக்கு 130 சதுர மைக்ரோமீற்றர் அளவில். அதே பற்றீரியா செத்து மிதந்தால், வெறும் வெப்ப நடுக்கத்தால் கிடைப்பது கால் சதுர மைக்ரோமீற்றர் போலத்தான். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். ஐன்ஸ்டைனின் உறவை அப்படியே பிடித்துக்கொண்டு, 'இவ்வளவு பரவ எவ்வளவு சூடு வேண்டும்' என்று திருப்பிக் கேட்டால், முந்நூறு கெல்வினின் ஐந்நூறு மடங்கு, ஒன்றரை இலட்சம் கெல்வின். இதற்குப் பெயர் 'பயன்படு வெப்பநிலை'.

கை ஏன் அவியாது என்பதற்கு எளிய விடை ஒன்று உண்டு: ஒரு மில்லிலீற்றர் தண்ணீரில் நூறு கோடி பற்றீரியா இருந்தாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை 3க்குப் பின்னால் 22 பூச்சியம். யானைக் கூட்டத்தில் எறும்பு. ஆனால் இந்த விடை எனக்குப் போதவில்லை. ஏனென்றால் இன்னும் விசித்திரமான ஒன்று உள்ளே இருக்கிறது.

பற்றீரியாவின் திணிவை ஒரு பிக்கோகிராம் என்று வைத்து நீச்சலின் இயக்கசக்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது வெப்ப நடுக்கத்தின் சக்தியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது! செத்த பற்றீரியாவைக்கூட மூலக்கூறுகள் கணத்துக்குக் கணம் செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் கதியில் உதைத்துக்கொண்டிருக்கின்றன. நீச்சலின் கதி அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. அப்படியென்றால் ஒன்றரை இலட்சம் கெல்வின் எங்கிருந்து வந்தது?

உதை பெரிது, ஆனால் அதன் நினைவு ஒரு மைக்ரோசெக்கன்கூடத் தாங்காது. இப்பக்கம் போன துகள் அடுத்த கணம் அப்பக்கம் போகும். நீச்சலோ மெலிந்தது, ஆனால் எடுத்த திசையை ஒரு செக்கன் முழுக்க வைத்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் செத்தது நகர்கிற தூரம் ஒரு மயிரின் தடிப்பளவு. உயிரோடு இருப்பது ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டும். சந்தைக்குள் ஆவேசமாக அங்குமிங்கும் ஓடுகிறவனைவிட, பிடித்த வழியில் ஆறுதலாக நடக்கிற கிழவர் தூரம் போவது போல. ஆகவே இந்த 'வெப்பநிலை' அளப்பது சூட்டையல்ல, வேகத்தை மட்டுமும் அல்ல. திசையை எவ்வளவு நேரம் மறக்காமல் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். சூட்டுக்கு ஞாபகம் கிடையாது. நீந்துகிறதுக்கு உண்டு. இந்தத் துறையில் நான் வாசித்த ஆச்சரியங்களில் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் இந்த ஒரு செக்கன் ஞாபகத்தில் வந்துதான் முடிகின்றன.

தூரத்தில் நின்று பார்த்தால் அந்த ஞாபகம் தெரியாது, வெப்பநிலை என்ற சொல் அருமையாகப் பொருந்தும். 2000ஆம் ஆண்டில் வூவும் லிப்சாபரும் ஒரு சவர்க்காரப் படலத்துக்குள் ஈ கோலையைவிட்டு, கூடவே பிளாஸ்ரிக் மணிகளையும் விட்டார்கள். பற்றீரியாக்கள் இடித்து இடித்து மணிகள் நடுங்கின. சிறிது நேர அளவில் ஒரே திசையில் இழுபட்டன, நெடுநேர அளவில் பிறவுண் கண்ட அதே நடுக்கம், ஆனால் பல மடங்கு பெரிதாக. 2010இல் பிரான்சின் லியோனில் ஜெரமி பலச்சியும் கூட்டாளிகளும் பெரினின் பரிசோதனையையே யானஸ் துணிக்கைகளை வைத்துத் திருப்பிச் செய்தார்கள். அடியில் படியவிட்டு உயரத்துக்கு உயரம் எண்ணினார்கள். அதே பாதி, பாதி, பாதி விதி! பேரொட்சைட்டைக் கூட்டக் கூட்ட அந்தக் குட்டி வளிமண்டலம் மேலே உயர்ந்தது, சூடாக்கியது போலவே. பரவலை வைத்து அளந்த வெப்பநிலையும் உயரத்தை வைத்து அளந்த வெப்பநிலையும் ஒத்துப்போயின.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கதை சுபம். பழைய வெப்பவியக்கவியல், ஆனால் சூடு கொஞ்சம் கூட. இப்படி எழுதிய அறிமுகங்கள் ஏராளம் உண்டு, வாசிக்கச் சுகமாகவும் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நெருங்கிப் பார்த்தால் சொல் உடைகிறது. 2016இல் ஷோ டகடோரியும் ஜோன் பிறேடியும் இன்னும் சிலரும் ஒலியலைகளால் ஒரு கிண்ணம் போன்ற பொறியை உண்டாக்கி, அதற்குள் யானஸ் துணிக்கைகளைப் பிடித்தார்கள். பொறி மென்மையாக இருக்கும்போது துணிக்கைகள் நடுவில் கூடி ஓரத்துக்குப் போகப்போக ஐதாகின. சூடான துகள்களும் அப்படித்தான் நிற்கும். பொறியை இறுக்கினால்? நடு வெறுமையாகி எல்லாம் ஓரத்துக்குப் போய் நின்றன. ஒரு கிண்ணத்தில் கடலையைப் போட்டுக் குலுக்கினால், எவ்வளவு சூடாக்கினாலும், அதிகம் இருப்பது அடியில்தான். விளிம்பில் ஒட்டிக்கொண்டு நடுவை வெறுமையாக விடுகிற கடலைக்கு எந்த வெப்பநிலையும் கிடையாது. பொறியின் அகலம் அவை திசை மாறாமல் ஓடுகிற தூரத்தைவிடச் சிறிதானதும் ஞாபகம் வெளியே தெரிந்துவிடுகிறது. கன்னியாச் சண்டையை இந்தத் தண்ணீரை வைத்துப் பிடித்தால் வெப்பமானி தீர்த்துவைக்காது. பெரிய மணியைப் போட்டு அளந்தால் ஒரு விடை, சின்ன மணியைப் போட்டால் இன்னொரு விடை, இறுக்கமான பொறியில் வைத்தால் விடையே இல்லை.

ஞாபகம் உள்ளது சுவரில் மோதினால் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பகுதி. மூலக்கூறு சுவரில் பட்டால் அந்தக் கணமே தெறித்துவிடும். நீந்துகிறது தெறிக்காது. அதன் முகம் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது, திசை மாறும்வரை சுவரைத் தள்ளிக்கொண்டே, அதை உரசிக்கொண்டே போகும். காளையின் விந்தணுக்கள் கண்ணாடியின் ஓரத்தில் கூடி நிற்பதை றொத்சைல்ட் 1963இலேயே எழுதியிருக்கிறார். சுவர் என்றால் இவற்றுக்கு ஒரு வழிகாட்டி.

எங்கள் கரையில் கூடு வைத்து மீன் பிடிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டின் வாய் வெளியே அகன்று உள்ளே ஒடுங்கும். மீன் கம்பிவலையை உரசிக்கொண்டே வரும், சரிவு அதை வாய்க்குள் கொண்டுபோய் விடும். உள்ளே போன மீனும் சுவரை உரசிக்கொண்டே சுற்றும். ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் அந்த ஒடுங்கிய வாய் சுவரிலிருந்து தள்ளி நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரமாகப் போகிறதுக்கு அது தட்டுப்படாது. உப்புவெளிப் பக்கம் தெரிந்த ஒரு அண்ணனிடம் இதைப்பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "சேர், கூடு மீனப் பிடிக்கிறேல்ல. மீன் தானா வந்து தன்னப் பிடிச்சுக் குடுக்குது. செத்த மீன் மிதந்து வந்து கூட்டுக்குள்ள நிறைஞ்சத எங்கயாவது கண்டிருக்கிறீங்களா?"

அவர் சொன்னதை நுணுக்குக்காட்டியின் கீழ் செய்து பார்த்தவர்கள் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். 2007இல் கலாய்தா, ஒஸ்ரின் முதலியோர் ஒரு மிகச்சிறிய அறையின் குறுக்கே புனல் வடிவ வாய்கள் கொண்ட வேலி ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஈ கோலையை விட்டார்கள். நேரம் போக ஒரு பக்கம் அடர்ந்தது, மறுபக்கம் ஐதானது. நீந்த முடியாத வகைப் பற்றீரியாவை விட்டபோது இரண்டு பக்கமும் சமமாகவே இருந்தது.

இது எவ்வளவு பெரிய விடயம் என்று வகுப்பில் உணர்த்துவது கடினம். காற்றை ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் விட்டுவிட்டு, வேலியின் வடிவத்தால் மட்டும் ஒரு பக்கம் சேர்க்க முடியாது. முடிந்தால் அந்த அமுக்க வித்தியாசத்தில் ஒரு சில்லைச் சுழற்றி இலவசமாக மின்சாரம் எடுக்கலாம், வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி செத்துவிடும். மூலக்கூறுகள் நடத்துகிற சமநிலை உலகில், ஒரு பாதையால் எவ்வளவு போகிறதோ அதே பாதையால் அவ்வளவு திரும்பி வரும். வேலியின் வடிவம் அங்கே வெறும் அலங்காரம். நீந்துகிற உலகில் வடிவம்தான் விதி. 2010இல் உரோமிலும், அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்திலும் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோயின. சாய்ந்த பற்கள் கொண்ட நுண்ணிய பற்சில்லு ஒன்றைப் பற்றீரியாக் குளத்தில் போட்டார்கள். பற்சில்லு ஒரே திசையில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சுழன்றது. ஆர்கோனில் செய்த சில்லு ஒரு பற்றீரியாவைப் போலப் பத்து இலட்சம் மடங்கு பாரம். ஒட்சிசனைக் குறைத்தால் சுழற்சியும் தளர்ந்தது. இரண்டாம் விதிக்கு ஒன்றும் நடக்கவில்லை, பற்றீரியாக்கள் தின்று எரித்த சாப்பாட்டைக் கணக்கில் எடுத்தால் விதி பத்திரமாக இருக்கிறது.

சுவர் இவ்வளவு முக்கியம் என்றால் அமுக்கம் என்ன ஆகும்? சைக்கிள் ரியூப்புக்குள் இருக்கிற காற்றின் அமுக்கத்தைச் சொல்ல, ரியூப் இறப்பரா தோலா என்று யாரும் கேட்பதில்லை. இலட்சிய வாயுச் சமன்பாட்டில் சுவரின் தரம் என்று ஓர் எழுத்தே கிடையாது. கனவளவு, வெப்பநிலை, எண்ணிக்கை, அவ்வளவுதான். 2014இல் கலிபோர்னியாவில் டகடோரியும் வென் யானும் பிறேடியும் 'நீச்சலமுக்கம்' என்ற ஒன்றை முன்வைத்தார்கள். வேறு இரண்டு மூன்று குழுக்களும் அதே காலத்தில் அதை நோக்கி வந்துகொண்டிருந்தன. கோள வடிவத் துணிக்கைகள் ஐதாக இருந்தால், வாயுச் சமன்பாட்டின் அச்சு அசலான பிரதி கிடைக்கிறது. வெப்பநிலை நிற்கிற இடத்தில் கதியின் வர்க்கமும் ஞாபகநேரமும் வந்து நிற்கின்றன. நீச்சல் துணிக்கைகளுக்கு ஒரு வெப்பவியக்கவியலே எழுதிவிடலாம் என்ற உற்சாகம் அப்போது பரவியது.

அடுத்த ஆண்டிலேயே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டது. அலெக்ஸாண்டர் சொலோன், ஜூலியன் தையேர், மைக்கல் கேட்ஸ், மெஹ்ரான் கர்டார் முதலியோர் 2015இல் காட்டியது இது: பொதுவாக இப்படிப்பட்ட பாயிகளுக்கு அமுக்கம் ஒரு நிலைச் சார்பே அல்ல, அதாவது உள்ளே இருப்பதை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. துணிக்கை கோளமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், சுவர் அதைத் தள்ளுவதோடு நிற்காமல் முறுக்கியும் விடும். முறுக்கினால் அது விரைவில் சுவரோடு சமாந்தரமாகி வழுக்கிப்போகும், தள்ளுகிற நேரம் குறையும். ஆகவே மெத்தென்ற சுவருக்கு ஓர் அமுக்கம், கெட்டியான சுவருக்கு வேறு அமுக்கம், உள்ளே இருக்கிற பாயி ஒன்றேதான். ஒரு பெட்டிக்கு நடுவே நகரக்கூடிய முசலம் ஒன்றை வைத்து, அதன் ஒரு முகத்தை மெத்தென்றும் மறுமுகத்தைக் கெட்டியாகவும் செய்தால், இரண்டு பக்கமும் சம அடர்த்தி இருந்தும் முசலம் தானாக ஒரு பக்கம் நகரும். 'உள்ளே எவ்வளவு அமுக்கம்' என்ற கேள்விக்கு 'எந்தச் சுவரில்' என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. வெப்பநிலை உடைந்ததைவிட இது பெரிய உடைவு என்பது என் எண்ணம். பயன்படு வெப்பநிலை என்றைக்கும் ஒரு உவமைதான் என்று சமாளிக்கலாம். அமுக்கம் உவமையல்ல, தொட்டு அளக்கிற விசை.

இன்னொரு பக்கத்தால் பார்த்தால் பழைய பௌதிகவியல் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. நீராவி ஒடுங்கித் துளியாவது ஏன்? மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்கின்றன. கவர்ச்சி இல்லாவிட்டால் துளி இல்லை. நீந்துகிற துணிக்கைகளுக்கு இந்த நிபந்தனையும் தேவையில்லை என்று தையேரும் கேட்ஸும் 2008இல் எழுதினார்கள். சிவராத்திரி இரவில் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற சனத்தைப் பாருங்கள். கச்சான் கடைகளைத் தாண்டிய பிறகு வழியில் மறிப்பு ஒன்றும் இருக்காது. (எங்கள் ஊரில் கச்சான் என்றால் கடலையும்தான், சுட்டெரிக்கிற காற்றும்தான். இங்கே கடலை.) ஆனாலும் சனம் திட்டுத்திட்டாகச் சேரும், இடையில் வெறும் வீதி கிடக்கும், மான்கூட ஆறுதலாகக் குறுக்கே போகும். சனம் நெருங்கினால் நடை தளரும். நடை தளர்ந்த இடத்தில் பின்னால் வருகிறவர்கள் வந்து சேருவார்கள். சேர்ந்ததால் நடை இன்னும் தளரும். ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிடித்திருக்க வேண்டியதுமில்லை. நீந்துகிற துணிக்கைகளும் இப்படியே அடர்ந்த 'திரவம்' ஒன்றாகவும் ஐதான 'வாயு' ஒன்றாகவும் பிரிந்துவிடும். இதன் சாயலை ஜேர்மனியின் ஸ்ருட்காட்டில் 2013இல், ஒளியால் ஓடுகிற துணிக்கைகளில் நேரே கண்டார்கள். வழமையான வாயுவுக்கு இது நடக்கவே நடக்காது: மூலக்கூறு மெதுவாகிற இடத்தில் கூட்டம் சேர்ந்துவிடாதபடி சமநிலை பார்த்துக்கொள்ளும். நீச்சல்காரர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

பார்வைக்கு நீராவியும் துளியும் போலவே. அந்தத் துளியின் மேற்பரப்பிழுவிசையைக் கணக்கிட்டவர்களுக்கு விடை மறைப்பெறுமானமாக வந்தது. தண்ணீரில் இழுவிசை அப்படி மறையாக இருந்தால் துளி சிதறிப்போகும். இங்கே துளி சிதறாமல் நிற்கிறது. அதை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

பிசுக்குமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரில் மாவைக் கரைத்தால் தடிக்கும், எதைக் கரைத்தாலும் தடிக்கும் என்பது சமையலறை அனுபவம். நீந்துகிறதைக் கரைத்தால் அது எப்படி நீந்துகிறது என்பதைப் பொறுத்தது என்று 2004இல் பெங்களூரைச் சேர்ந்த சிறீராம் ராமசுவாமி முதலியோர் கணித்தார்கள். பின்னாலிருந்து தள்ளி நீந்துகிற பற்றீரியா, ஓடுகிற நீரை மேலும் ஓடத் தூண்டும். முன்னால் கைவீசி இழுத்து நீந்துகிற கிளமிடோமோனசு அல்கா அதை எதிர்க்கும். 2009இல் ஆர்கோனில் பற்றீரியாக் கரைசலின் பிசுக்குமை ஏழு மடங்குவரை குறைந்ததை அளந்தார்கள். 2010இல் கிரெனோபிளில் அல்காக் கரைசல் தடித்தது. 2015இல் பாரிசுக்கு அருகே ஓர்சேயில் ஈ கோலைக் கரைசல் ஒன்றின் பிசுக்குமை பூச்சியத்துக்கே இறங்கியது. கிளறுகிறவன் கை ஓயலாம், குழம்பு தன்னைத்தானே கிளறிக்கொள்ளும்.

பெங்களூரில் 2016இல் ராஜேஷ் கணபதி, அஜய் சூட் முதலியோர் செய்த எஞ்சினைச் சொன்னபோதுதான் வகுப்பு முழுக்க நிமிர்ந்தது. லேசர்க் கதிரால் பிடித்துவைத்த ஒற்றை மணி. சுற்றிலும் பற்றீரியாக் குளம். பற்றீரியாக்கள் துடிப்பாக இருக்கும்போது பிடியைத் தளர்த்தி, மந்தமாக இருக்கும்போது பிடியை இறுக்கினால், வாயுவைச் சூட்டில் விரியவிட்டுக் குளிரில் ஒடுக்கி ஓடுகிற ஸ்ரேலிங் எஞ்சினின் முழுச் சுற்று. முசலத்தின் இடத்தில் லேசர், கொதிகலனின் இடத்தில் நுண்ணுயிர். துடிப்பு மிகக் கூடிய நிலையில் அதன் திறன், சமநிலைக் குளங்களுக்கு நடுவே ஓடுகிற ஸ்ரேலிங் எஞ்சின் ஒன்று எட்டக்கூடிய உச்சியையே தாண்டியது. காரணம், பற்றீரியாக்கள் கொடுக்கிற உதைகளின் பரம்பல் வெப்ப உதைகளின் மணிவடிவப் பரம்பலாக இல்லை. எப்போதாவது ஒரு பெரிய உதை, அதே திசையில் கொஞ்ச நேரம்.

"திறன் உச்சிய தாண்டிச்சு எண்டா பிறகேன் சேர் பெற்றோலுக்கு வரிசையில நிண்டனாங்க?" என்று முதலில் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பின்வாங்குப் பிள்ளை சிரிக்கவில்லை. "அந்தக் கணக்கில பற்றீரியாவுக்குப் போட்ட சாப்பாட்டச் சேர்த்தவங்களா?" என்று கேட்டாள்.

சேர்க்கவில்லை. மணிக்கு வந்து சேர்ந்த உதைகளைத்தான் உள்ளே வந்த வெப்பமாக எடுத்தார்கள், அந்த உதைக்காகப் பற்றீரியா என்ன தின்றது என்பது எஞ்சினுக்கு வெளியே நிற்கிற கணக்கு. அதற்கு ஒரு துப்பு வேண்டுமானால், ஈ கோலையின் நீச்சலை மட்டும் தனியாக அளந்தவர்கள் இருக்கிறார்கள். அதன் சவுக்குமுளையைச் சுழற்றச் செலவாகிற வலுவில் முன்னே தள்ளுவதற்குப் போய்ச்சேருவது நூற்றுக்கு இரண்டு.